மிஷன் வீட்டில் திருட்டு

*பொருள் போன மறுநாள் யாரைச் சந்தேகிப்பது? வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக்கு ஊழியம் செய்ய வந்த குடும்பங்களுக்கும் இங்கிருந்து ஊழியத்துக்குப் போகிற குடும்பங்களுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி*

வெள்ளையடித்த செங்கல் சுவர், தகரக் கூரை. வேலூரில் ஓர் எளிய தமிழ்ச் சபை. ஆராதனை தொடங்கிப் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட். மற்றவர் அவரிடம் சிகிச்சை பெறும் தொழுநோயாளி. அவருக்கு முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்து கோணிப்போயிருக்கிறது. பார்வை கெடாமல் இருக்க இமைகளைப் பாதிவரை தைத்திருக்கிறார்கள். கைகளும் பாதங்களும் ஏற்கெனவே சிதைந்தவை. உள்ளே போகலாமா, இப்படியே திரும்பிவிடலாமா என்ற தவிப்பு.

பின்வரிசைப் பக்கம் ஒருவர் பாதி திரும்பிப் பார்க்கிறார். கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைக்கிறார். முகம் நிறையச் சிரித்து, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டி, வந்து உட்காரும்படி சைகை செய்கிறார்.

பால் பிராண்ட் பிற்காலத்தில் தம் நூலில் பதிவு செய்த நிகழ்ச்சி இது. தொழுநோயாளியை அருகில் அமர்த்திக்கொண்ட ஒரு சபையின் பெருந்தன்மைக்காக இதைப் பல பிரசங்கங்களில் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் பிராண்ட் எழுதியதில் இதற்கு முந்தைய பகுதி ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அந்த நோயாளி திருடினார். ஒருமுறை இரண்டுமுறை அல்ல. மிஷன் வளாகத்திலேயே, தனக்குச் சோறும் இடமும் வேலையும் தந்தவர்களிடமே திருடினார். சாட்சியத்தை எதிரில் வைத்துக்கொண்டு அவரை விசாரிக்க வேண்டிய இறுக்கமான தருணங்கள் எத்தனையோ முறை வந்தன. உடனிருந்த நோயாளிகளைக் கொடுமைப்படுத்தினார், நிர்வாகத்துக்கு எதிராக உண்ணாவிரதம் நடத்த ஆள் திரட்டினார். அவரைத் திருத்த முடியாது என்பதே பலரின் கணிப்பு.

வீட்டில் திருட்டுப் போவதைப் பற்றி இன்று எந்தச் சபையின் பெண்கள் ஐக்கியத்திலும், எந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் பேச்சு நடக்கிறது. வேலூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2021 டிசம்பரில் தோட்டப்பாளையம் நகைக்கடையின் சுவரைத் துளைத்து எடுத்துப்போன சுமார் 16 கிலோ தங்கத்தை ஒடுகத்தூர் சுடுகாட்டில் தோண்டி எடுத்த செய்தியை மாதக்கணக்கில் பேசிய ஊர் இது. பூட்டு, கேமரா, நாய், வாட்ச்மேன் என்று பேச்சு போகும். திருட்டுக்குப் பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்நிய மண்ணில் அந்நியர் நடுவில் வாழ்ந்த மிஷனரி குடும்பங்களுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருந்தது.

ஒரு குடும்பம், மூன்று கைகள்

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் அதே மலையில் காய்ச்சலில் இறந்தார். தாய் ஈவ்லின் ஓய்வு வயதுக்குப் பிறகும் இங்கிலாந்து திரும்பவில்லை. கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சைமலை என்று சுற்றி, 1974-ல் 95 வயதில் இந்த மண்ணிலேயே காலமானார். மகன் 1946-ல் வேலூர் வந்தார். கண் மருத்துவரான மனைவி மார்கரெட் சின்னக் குழந்தைகளோடு பின்னால் வந்து சேர்ந்தார்.

தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி போவதால்தான் காயம்பட்டுத் தேய்கின்றன என்பதை பிராண்ட் குழுவினர் வேலூரில் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார்கள். மடங்கி இறுகிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார்கள். அங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. சீரான கையோடு வெளியே போனவர்கள் சில மாதங்களில் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். பழைய கைக்குப் பிச்சை விழுந்தது, இந்தக் கைக்கு அதுவும் விழவில்லை. நோய்த் தழும்பைப் பார்த்து வேலையும் யாரும் தரவில்லை என்றார்கள்.

திருட்டின் வேர் அங்கே இருந்தது என்று நினைக்கிறேன். பிச்சையும் இல்லை, கூலியும் இல்லை என்கிற இடத்தில் ஒரு மனிதனுக்கு வேறென்ன மிஞ்சும்? பிராண்ட் இதைப் பார்த்துத்தான் 1951-ல் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே மண்சுவர்க் குடிசைகளில் ‘நியூ லைஃப் சென்டர்’ தொடங்கினார். முதிய மிஷனரி அம்மா ஒருவர் தம் சேமிப்பைத் தந்தார். நோயாளிகள் அங்கே மரப் பொம்மைகள் செய்யப் பழகினார்கள். நம் நோயாளியும் அங்கே வந்து சேர்ந்தவர்தான். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பிராண்ட் எழுதியிருக்கிறார், ஆனாலும் ஒரு தொழுநோயாளியின் திருட்டை அவர் பெயரோடு இன்னொரு முறை அச்சில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குடும்பம் இந்தத் திருட்டைச் சமாளித்த விதத்தைக் கவனியுங்கள். மகன் கண்டித்தார். சாட்சியத்தை முன்னால் வைத்துக் கேள்வி கேட்டார், பூசி மெழுகவில்லை. மருமகள் மார்கரெட் அதே ஆளின் இமைகளைத் தைத்துப் பார்வையைக் காத்தார். திருடியவன் என்பதற்காகச் சிகிச்சையில் ஓர் இழை குறையவில்லை. பாட்டி ஈவ்லின்? யாரும் சேர்க்காதவர்களைத் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்வது அந்த அம்மாளின் சுபாவம். இவரோடும் உட்கார்ந்து நேரம் செலவிட்டார், பேசினார். கடைசியில் அவர் விசுவாசத்துக்கு வந்து, வளாகத்திலிருந்த ஒரு சிமென்ட் தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றார்.

அதோடு எல்லாம் மாறிவிட்டதா என்றால் இல்லை. பிராண்ட் இதை நேர்மையாகச் சொல்கிறார்: ஞானஸ்நானத்துக்குப் பிறகும் கசப்பு போகவில்லை. நோயாளிகளுக்குள் சில நண்பர்கள் கிடைத்தார்கள், நோயில்லாதவர்கள் மீதிருந்த பகை மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் சவால் விடுவதுபோல, ஊரிலுள்ள தமிழ்ச் சபைக்கு நான் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டார். பிராண்ட் சபை மூப்பர்களைப் போய்ப் பார்த்தார். நோய் அடங்கிவிட்டது, தொற்றாது என்று விளக்கினார். சபையில் திருவிருந்துக்கு எல்லாருக்கும் ஒரே பாத்திரம். அதில் அவரும் குடிக்கலாமா? அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்து பிராண்ட் மறுபடி வேலூர் வந்தபோது, உடல் ஊனமுற்றவர்களுக்கு வேலை தரும் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். தட்டச்சு இயந்திரத்துக்கான நுண்ணிய திருகாணிகள் செய்யும் பகுதியில், மிகக் குறைந்த கழிவோடு தரமாக உருப்படி செய்ததற்காக அகில இந்திய அளவில் பரிசு வாங்கிய தொழிலாளியைக் காட்டுகிறேன் என்று மேலாளர் அழைத்துப் போனார். இயந்திரத்திலிருந்து திரும்பிய முகம் அதே கோணிய முகம்.

காட்பாடியில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு 1960-களில் தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்காகத் தொழிற்கூடம் தொடங்கப்பட்டது. இன்றைய ‘வொர்த் டிரஸ்ட்’ அதன் தொடர்ச்சி. பார்வையற்றோருக்கான பிரெய்ல் தட்டச்சு இயந்திரங்கள் அங்கே தயாராகி உலகெங்கும் போகின்றன. பிராண்ட் தொடங்கிவைத்த கேள்விக்கு, அதாவது குணமான கைக்கு வேலை யார் தருவது என்பதற்கு, இந்த ஊர் சொன்ன பதில்களில் ஒன்று அது.

■ பெட்டிச் செய்தி: கடலில் போனதும் காட்டில் போனதும்

அச்சியந்திரம்: 1711-ல் லண்டனிலிருந்து எஸ்.பி.சி.கே. சங்கம் தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு ஐயருக்கு ஓர் அச்சியந்திரம் அனுப்பியது. கூடவே யோனாஸ் ஃபின்க் என்ற அச்சுக்காரரும் புறப்பட்டார். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் கப்பல் பிரெஞ்சுக் கடற்படையிடம் சிக்கியது. மிஷனுக்கான பணம் பறிபோனது. கப்பலின் அடித்தளத்தில் கிடந்த இயந்திரம் தப்பியது. ஃபின்க் வழியிலேயே இறந்தார். 1712-ல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்த பிறகு, 1715-க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதும் அச்சேறியது.

மருந்துப் பெட்டி: ஆப்பிரிக்காவில் டேவிட் லிவிங்ஸ்டனின் மருந்துப் பெட்டியை 1867 ஜனவரியில் சுமைதூக்கிகள் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். மலேரியாவுக்கான குயினின் அதில்தான் இருந்தது. அடுத்த நான்கைந்து ஆண்டுகள் அவர் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் நைந்துபோனார். 1871-ல் உஜிஜி சேர்ந்தபோது அங்கே தமக்காக வந்திருந்த சரக்கையும் பொறுப்பாளர் விற்றுவிட்டிருந்தார். சில நாட்களில் அவரைத் தேடி ஸ்டான்லி வந்து சேர்ந்திராவிட்டால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வீடு: இதே லிவிங்ஸ்டன் 1852-ல் மனைவி மேரியையும் பிள்ளைகளையும் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிய ஆண்டிலேயே, கொலோபெங்கில் இருந்த அவர்கள் வீட்டை போயர் படையினர் சூறையாடினார்கள். திரும்பிப் போக அந்தக் குடும்பத்துக்கு ஆப்பிரிக்காவில் வீடு இல்லாமல் போனது.

பூதலூரில் ஒரு தங்கக் கொக்கி

தமிழ்நாட்டில் ஒரு மிஷனரியிடம் நடந்த திருட்டுகளில் மிகப் பெரிய விளைவு ஏற்படுத்தியது மிகச் சிறிய பொருள்தான். கழுத்துப்பட்டியில் மாட்டும் ஒரு கொக்கி.

ஜெர்மனியில் பிறந்து 1750-ல் தரங்கம்பாடி வந்த சுவார்ட்ஸ் ஐயருக்கு மனைவி மக்கள் இல்லை. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, பிற்காலத்தில் சரபோஜி மன்னருக்குக் காப்பாளராகவும் இருந்து, 1798-ல் மறைந்தார். சுமார் 1777-ல் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் விடியற்காலையில் பூதலூர் வந்தார். கழுத்துப்பட்டியைக் கழற்றி ஒரு மணல்மேட்டில் வைத்தார். துணிமணி சுமந்து வரும் ஆள் எங்கே வருகிறான் என்று பார்க்கச் சில அடி நடந்தார். திரும்பி வந்தால் பட்டியைக் காணோம். ஊர்ச் சிறுவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் ஊர்க்காரர்கள் வந்தார்கள். பையன்களையெல்லாம் பிடித்து அடைத்துவையுங்கள், உங்கள் இஷ்டம்போல எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் தண்டியுங்கள் என்றார்கள். சுவார்ட்ஸ் மறுத்தார். போன பொருள் அத்தனை தொல்லைக்குத் தகுதியானதல்ல என்று சொல்லிவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்.

சம்பவம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1793-ல், அது லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் விவாதம். மிஷனரிகளை இந்தியாவுக்குள் அனுமதிக்கும் பிரிவைச் சேர்க்க வில்பர்ஃபோர்ஸ் முயன்றார். சென்னையில் ஆளுநரின் செயலராக இருந்து திரும்பிய மான்ட்கோமரி கேம்பெல் எழுந்து எதிர்த்தார். மதம் மாறியவர்கள் ஒழுக்கங்கெட்டவர்கள்; திருட்டுப் பாவத்தைப் பற்றி சுவார்ட்ஸ் நீண்ட பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோதே அவருடைய தங்கக் கொக்கியை அவர் மதம் மாற்றியவர்களே திருடினார்கள் என்றார். அந்தப் பிரிவு அப்போது சேரவில்லை. அதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

செய்தித்தாளில் இதைப் படித்த சுவார்ட்ஸ் 1794 பிப்ரவரியில் லண்டனுக்குப் பதில் எழுதினார். அன்று தாம் பிரசங்கம் செய்யவே இல்லை, எடுத்தவர்கள் சிறுவர்கள், பெரியவர் ஒருவர்கூட அங்கே இல்லை, அந்த ஊரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் கிடையாது என்று ஒவ்வொன்றாக மறுத்தார். மறுப்பு நியாயமானது. தம் சபையார் மீது விழுந்த பழியைத் துடைக்க வேண்டிய கடமை அவருக்கு இருந்தது.

ஆனால் அதே கடிதத்தில் அவர் இன்னொன்றும் செய்தார். அந்த ஊரில் வாழ்ந்த கள்ளர் சமூகம் முழுவதையும், பேரிலேயே திருட்டு உள்ளவர்கள் என்று லண்டன்காரர்களுக்கு அறிமுகப்படுத்தினார். தகப்பன்மார் அப்படி, பிள்ளைகள் எடுத்ததில் வியப்பென்ன என்றார். தம் மக்கள் மீது சுமத்திய பொய்ப் பழியை இறக்கி அடுத்த ஊரார் தலையில் வைத்துவிட்டார். பையன்களை அடிக்க விடாத அதே மனிதர், பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு எழுத்தில் ஒரு சமூகத்தையே அடித்துவிட்டார். அவர் மீது பெருமதிப்பு வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். மணல்மேட்டில் அவர் நடந்துகொண்ட விதம் உயர்ந்தது, மேசையில் உட்கார்ந்து எழுதியது அப்படியல்ல. அந்தக் கடிதமே இன்னொரு உண்மையையும் சொல்கிறது: இரவில் திருடப் போவதற்காக ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் அரசருக்குப் பணம் கட்டினார்கள். அரண்மனை பங்கு வாங்கிக்கொண்டது. பெயர் மட்டும் ஊர்க்காரர்களுக்கு.

முத்திரை போட்டால் அழியாது

ஒரு சமூகத்தையே திருடர்கள் என்று எழுதிவைக்கும் வழக்கத்தைப் பிற்காலத்தில் சட்டமே எடுத்துக்கொண்டது. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தைக்கும் குற்றவாளி முத்திரை. ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். இதை எதிர்த்து நின்ற மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் குறைந்தது பதினாறு பிறமலைக் கள்ளர்கள் உயிரிழந்தார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ஒழிந்தது.

இதில் மிஷன்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இரட்சணிய சேனையும் வேறு சில மிஷன் அமைப்புகளும் அரசின் சார்பில் ‘செட்டில்மென்ட்’ நடத்தின. ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்புரம் அப்படி உருவான ஊர். பள்ளிக்கூடம் தந்தார்கள், தொழில் கற்றுத் தந்தார்கள், நிலம் வாங்கித் தந்தார்கள். அதே சமயம் காலையும் மாலையும் ஆள் எண்ணி வருகைப் பதிவு எடுத்ததும் அவர்கள்தான். வேதம் சொல்லிக்கொடுத்தவரே காவலராகவும் இருந்தால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் எதை நம்புவார்?

முத்திரையின் நிழல் இன்னும் விலகவில்லை. 1993-ல் விருத்தாசலம் அருகே முதனை கிராமத்துக் குறவர் சமூகத் தொழிலாளி, நகைத் திருட்டு விசாரணையில் கம்மாபுரம் போலீஸாரால் அடித்துக் கொல்லப்பட்டார். வழக்கறிஞர் சந்துரு வாதாடிய அந்த வழக்கை 2021-ல் ‘ஜெய் பீம்’ படமாகப் பார்த்தோம். படம் பார்த்து அழுதோம். நான்கு ஆண்டுகள்கூடப் போகவில்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் காளி கோயிலில், காரிலிருந்த நகை காணோம் என்ற புகாரில் அழைத்துச் செல்லப்பட்ட இளம் கோயில் காவலாளி போலீஸ் தனிப்படையின் கையில் உயிரிழந்தார். போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. போன உயிர் போனதுதான்.

பூதலூர் மணல்மேட்டில் சுவார்ட்ஸ் மறுத்ததன் எடையை நான் உணர்ந்தது இந்தச் செய்திகளைப் படித்தபோதுதான். பிடித்து அடைத்து அடியுங்கள் என்று ஊரே அவர் கையில் பிள்ளைகளைக் கொடுத்தது. செல்வாக்குள்ளவர் ஒருவர் ‘என் பொருள் போய்விட்டது’ என்று சொன்னாலே போதும், கீழே ஓர் இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். அதன் பற்களுக்கு நடுவில் முதலில் மாட்டுவது சமையல்காரம்மா, டிரைவர், வாட்ச்மேன், பக்கத்துத் தெருவில் பழைய பேப்பர் எடுப்பவர். பிராண்ட் குடும்பத்துக்கும் அந்தச் செல்வாக்கு இருந்தது. அந்தத் தொழுநோயாளியை வெளியே தள்ளக் காரணங்கள் நிறையவே இருந்தன. தள்ளியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாலாற்றங்கரையில் யார் திருடன்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்த வரிசையில் தோல் வாசனை இல்லாத ஊர் இல்லை. மிஷன் வாசனையும் அப்படியே. ராணிப்பேட்டையில் ஸ்கடர் குடும்பம் 1866-ல் ஆஸ்பத்திரி தொடங்கியது; அந்த ஊரில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர்தான் 1900-ல் வேலூரில் சி.எம்.சி.க்கு வித்திட்டார். ஆம்பூர் பக்கம் அமெரிக்காவின் மிசூரி லூத்தரன் மிஷன் வந்தது. அதன் முதல் மிஷனரிகளில் ஒருவரான தியோடோர் நேத்தர் 1904-ல் பிளேக் நோய்க்குப் பலியானார். கன்கார்டியா பள்ளியும் பெதஸ்தா ஆஸ்பத்திரியும் அந்த மிஷன் விட்டுச் சென்றவை.

இந்த வட்டாரத்தில் நடந்த மிகப் பெரிய களவு எது என்று என்னைக் கேட்டால் பாலாற்றைக் காட்டுவேன். தோல் ஆலைக் கழிவால் கிணறுகளும் வயல்களும் கெட்டதைப் பற்றி ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம்’ தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்திய நாட்டுச் சட்டமாக்கிய தீர்ப்பு அது. ஒரு தலைமுறையின் குடிதண்ணீர் போனது. அதற்காக எந்த ஸ்டேஷனிலும் யாரையும் முட்டிபோட வைக்கவில்லை. செருப்புக் கம்பெனி வாசலில் சைக்கிள் காணாமல் போனால் சேரிப் பையனைத் தேடிப் போகும் கால்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்று இந்த வட்டாரம் ஊழியரை வாங்கிக்கொள்ளும் இடம் மட்டுமல்ல, அனுப்பும் இடமும்கூட. சபைகள், மிஷன் அமைப்புகளின் பரிந்துரையில் சி.எம்.சி.யில் படித்த டாக்டர்களும் நர்ஸ்களும் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், அஸ்ஸாம் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். வெளிநாடு போகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து மிஷனரி அனுப்புவது புதிதல்ல. திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் 1903-லேயே தொடங்கிவிட்டது. அன்று வெள்ளைக்காரக் குடும்பம் ராணிப்பேட்டையில் இருந்த நிலையில் இன்று நம்மூர்க் குடும்பம் வேறொரு மாநிலத்தின் காட்டோரக் குவார்ட்டர்ஸில் இருக்கிறது. மொழி பாதிதான் தெரியும். ஊரில் நம்மைப் பணக்காரர் என்று நினைக்கிறார்கள். போன், லேப்டாப், மோட்டார், பைக் என்று ஏதோ ஒன்று ஒரு நாள் போகும்.

போனதும் முதலில் வருவது கோபம் அல்ல, இழிவுணர்ச்சி. உங்களுக்காக ஊரையும் உறவையும் விட்டு வந்தோமே, எங்களிடமேவா என்ற மனக்குமுறல். இரண்டாவது இரவிலிருந்து பயம். மனைவி தனியாக இருக்கும் நேரங்கள், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழி. மூன்றாவதாக வருவதுதான் ஆபத்தானது: கணக்குப் பார்ப்பது. நேற்று வீட்டுக்கு வந்தவர் யார், ஜன்னல் பக்கம் நின்றவர் யார், கடன் கேட்டவர் யார் என்று ஒவ்வொரு முகமாக மனம் அலசும். பல ஆண்டுகள் பழகிச் சேர்த்த உறவு ஒரு வாரத்தில் கரையும். பொருளை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். நம்மைச் சந்தேகித்தார்கள் என்று ஒரு வீட்டில் தெரிந்துவிட்டால், அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிப்பது கடினம். சின்ன ஊரில் அந்த ஒரு வீடு ஒரு தெரு, ஒரு தெரு என்பது ஊரில் பாதி.

ஊழியரை அனுப்பும் அமைப்புகள் பிரயாணப் பணமும் சம்பளமும் கணக்குப் போடுகின்றன. திருட்டு இழப்புக்கென்று சிறு ஒதுக்கீடு வைப்பதும், நடந்த பிறகு அந்தக் குடும்பத்தோடு யாராவது போய் நான்கு நாள் தங்குவதும் அதே அளவு அவசியம். பணமுடை இருக்கும் வரை பொருளை மீட்டே ஆக வேண்டும் என்ற நெருக்கடி குறையாது. அந்த நெருக்கடியில்தான் தவறான பெயர் வாயில் வரும். ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று மட்டும் போனில் சொல்லிவிட்டு வைப்பது, தனியாக நிற்கும் குடும்பத்தை இன்னும் தனியாக்குகிறது.

மன்னிப்பதென்றால் புகாரே கொடுக்கக் கூடாதா என்று சில ஊழியர்கள் குழம்புகிறார்கள். ஆஸ்பத்திரி மருந்தோ சபைக் காணிக்கையோ போனால் அது பொதுச் சொத்து. புகார் கொடுத்தே ஆக வேண்டும். மன்னிக்கும் உரிமை தனி ஒருவருக்கு அங்கே கிடையாது. பிராண்ட் மன்னித்தார், ஆனால் சாட்சியத்தை மூடி மறைக்கவில்லை. கண்டிப்பும் சிகிச்சையும் ஒரே வீட்டிலிருந்து போனதால்தான் இரண்டுமே எடுபட்டன.

■ பெட்டிச் செய்தி: சட்டம் இன்று

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. திருட்டுக்கான 303-ம் பிரிவில் புதிய சலுகை ஒன்று இருக்கிறது: பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல்முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், சிறைக்குப் பதில் சமூக சேவையே தண்டனை.

குடியிருக்கும் வீட்டிலும் வழிபாட்டிடத்திலும் நடக்கும் திருட்டு 305-ம் பிரிவிலும், வேலையாள் முதலாளியிடம் திருடுவது 306-ம் பிரிவிலும் வருகின்றன. இரண்டுக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அங்கே சமூக சேவை என்ற சலுகை எழுதப்படவில்லை.

எந்த ஸ்டேஷனிலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதியலாம். மின்னணு வழியில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும்.

வெளிநாட்டில் பாஸ்போர்ட் திருட்டுப் போனால் முதலில் உள்ளூர்ப் போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்க வேண்டும். அதைக் காட்டி இந்தியத் தூதரகத்தில் புதிய பாஸ்போர்ட்டுக்கோ, நாடு திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கலாம்.

ஸ்டேஷனில் கேட்கும் கேள்வி

அந்தச் சமூக சேவைப் பிரிவை வேலூர் வட்டாரம் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்பூர் பெதஸ்தா வரை வேலைக்கு இடம் இருக்கிறது. முதல்முறை தவறிய ஒரு பையன் ஒரு மாதம் நோயாளியின் தள்ளுவண்டியைத் தள்ளட்டும் என்று நீதிபதி உத்தரவிட்டால், ஏற்றுக்கொள்ள ஒரு நிறுவனம் வேண்டுமே? சபைகளும் மிஷன் ஆஸ்பத்திரிகளும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போய், எங்களிடம் அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். திருடிய தொழுநோயாளிக்கு வேலை கற்றுக்கொடுத்த ஊருக்கு இது பெரிய காரியமில்லை.

ஆனால் இந்தச் சலுகை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் நடந்த திருட்டு என்றால் 305, வேலைக்காரர் என்றால் 306. வேலைக்கு வரும் அம்மாள் அலமாரியிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் எடுத்தார் என்று புகார் போனால் ஏழு ஆண்டுவரை போகக்கூடிய வழக்கு அது. அதனால் வீட்டுக்காரர் எழுதித் தரும் தாளுக்கு இன்னும் எடை கூடுகிறது. என்னென்ன போனது, எப்போது கவனித்தோம், பூட்டு உடைந்திருந்ததா, போனின் ஐ.எம்.இ.ஐ. எண் என்ன, நகைக்கு பில் இருக்கிறதா என்று எழுதலாம். இவை கண்ணால் கண்டவை. மனதில் தோன்றியவை தாளில் ஏறக் கூடாது.

‘யார் மேல சந்தேகம்?’ என்று ரைட்டர் கேட்பார். வழக்கமான கேள்விதான், சிலர் இரண்டு மூன்று முறையும் கேட்பார்கள். தெரியாதென்றால் தெரியாது என்றே எழுதிக் கையெழுத்துப் போடலாம். பெயர் சொல்லவில்லை என்பதற்காகப் புகாரை மறுக்க முடியாது. ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று எஃப்.ஐ.ஆர். பதிவாகும். அதன் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.